பதக்கங்கள் எங்கே?

திருடர்களில் பல ரகம் உண்டு. நெல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறவன் வயிற்றுக்காகத் திருடுகிறான். ஆபரணப் பெட்டியை உடைக்கிறவன் பொன்னாசையால் திருடுகிறான். இவ்விருவரும் கொண்டு போகும் பொருளுக்கு ஒரு விலை உண்டு. பறிகொடுத்தவர் பாடுபட்டு மறுபடியும் சம்பாதித்து அந்த நஷ்டத்தை ஒருவாறு ஈடு செய்துகொள்ளலாம். ஆனால் ஒரு வீரன் தன் தேசத்துக்காக ஆடி வென்ற பதக்கத்தை, அவன் அன்று அணிந்திருந்த மேலங்கியை, அவன் கைப்பட எழுதிய கடிதத்தை ஒருவன் அபகரித்துப் போனால், அதற்கு ஈடு எந்தக் கடையில் வாங்குவது? அந்தப் பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதை இழந்தவர் ஒரு மனிதர் அல்ல. பின்னால் பிறக்கப் போகும் குழந்தைகள் அத்தனை பேரும் இழந்தவர்களே.

விளையாட்டு என்றால் பொழுதுபோக்குத்தானே, அதன் ஞாபகப் பொருள்களுக்கு இத்தனை பிரலாபமா என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். அவர்களுக்கு ஒரு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வெம்ப்ளியில் ஏறிய கொடி

1948-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 12-ந் தேதி. பாரத தேசம் சுதந்திரம் பெற்று ஒரு வருஷம் நிறைவதற்கு இன்னும் மூன்று நாள் பாக்கி. லண்டன் நகரத்து வெம்ப்ளி மைதானத்தில் ஒலிம்பிக் ஹாக்கிப் பந்தயத்தின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் இந்தியா; மறுபக்கம் இருநூறு வருஷம் நம்மை ஆண்ட பிரிட்டன். 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் இந்தியாவே ஹாக்கியில் முதல் பரிசு பெற்றிருந்தது. ஆனால் அந்த மூன்றிலும் பிரிட்டன் ஹாக்கி ஆட முன்வரவில்லை. வெற்றி பெற்ற நம்மவர்களும் அந்நியக் கொடியின் கீழேதான் ஆட வேண்டியிருந்தது. ஆகையால் எஜமானனாயிருந்தவனை அவனுடைய சொந்த மண்ணிலேயே நம் சொந்தக் கொடியோடு எதிர்க்கும் சந்தர்ப்பம் முதன் முதலாக அன்றுதான் வாய்த்தது.

ஆட்டம் முடிந்தபோது இந்தியா நான்கு கோல், பிரிட்டன் பூஜ்யம். அந்த நான்கில் இரண்டைப் போட்டவர் பல்பீர் சிங் என்னும் பஞ்சாப் இளைஞர். அவருடைய தந்தை தலீப் சிங் தேச விடுதலைக்காகச் சிறை சென்றவர். தந்தையைச் சிறையிலிட்ட ராஜ்யத்தின் தலைநகரில், தனயன் கண்ணெதிரே மூவர்ணக் கொடி மேலேறியது. அந்தக் காட்சியை விளையாட்டு என்று மட்டும் சொல்லிவிட முடியுமா?

இதில் காரைக்கால் பிரதேசத்தாருக்கு ஒரு தனிச் சுவையும் உண்டு. அன்றைய தினம் திருநள்ளாற்றிலும் அம்பகரத்தூரிலும் நெடுங்காட்டிலும் பறந்துகொண்டிருந்த கொடியும் மூவர்ணக் கொடிதான். ஆனால் அது பிரான்ஸ் தேசத்தின் மூவர்ணம். 1954-ம் வருஷம் நவம்பர் முதல் தேதிதான் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது; சட்டபூர்வமான மாற்றம் நிறைவேற 1962 ஆகஸ்டு வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. எல்லைக்கு அப்பால் நான்கு மைல் நடந்தால் சுதந்திர பூமி. இப்பால் அந்நிய பூமி. அப்படிப்பட்ட ஊரில் இருந்தவர்களுக்கு, லண்டனில் ஏறிய கொடி தங்களுக்கும் உரியதென்ற உணர்ச்சி எத்தகையதாயிருந்திருக்கும் என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பல்பீர் சிங் அத்துடன் நின்றுவிடவில்லை. 1952-ல் ஹெல்ஸிங்கியில் நடந்த இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை ஆறுக்கு ஒன்று என்று இந்தியா வென்றது. அந்த ஆறில் ஐந்து கோல் அவர் ஒருவரே போட்டவை. ஆடவர் ஹாக்கியின் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் அதை மிஞ்சியவர் இன்று வரையில் ஒருவரும் இல்லை. 1956-ல் மெல்போர்னில் அவரே கோஷ்டியின் தலைவர். முதல் ஆட்டத்திலேயே கைவிரல் எலும்பு முறிந்துவிட்டது. முறிந்த விரலோடு பாகிஸ்தானுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் இறங்கினார். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று இந்தியா வென்றது. மூன்று ஒலிம்பிக், மூன்று தங்கப் பதக்கம். 1957-ல் சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1975-ல் கோலாலம்பூரில் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது கோஷ்டியை நிர்வகித்தவரும் அவரே.

கொடுத்தார், காணவில்லை

1985-ம் வருஷம். தலைநகரில் தேசிய விளையாட்டுப் பொருட்காட்சிசாலை ஒன்று அமைக்கப் போவதாகப் பேச்சு எழுந்தது. அதற்கு முந்திய வருஷந்தான் இந்திய விளையாட்டு ஆணையம் ஏற்பட்டிருந்தது. பல்பீர் சிங் யோசிக்கவில்லை. தம்மிடமிருந்த முப்பத்தாறு பதக்கங்களையும், மெல்போர்னில் கோஷ்டித் தலைவராக அணிந்திருந்த மேலங்கியையும், நூற்றுக்கு மேற்பட்ட அபூர்வமான புகைப்படங்களையும் ஆணையத்திடம் கொடுத்துவிட்டார். பணம் கேட்கவில்லை, பெயர்ப் பலகை கேட்கவில்லை. வீட்டுப் பெட்டியில் இருந்தால் குடும்பத்தார் மட்டும் பார்ப்பார்கள், பொருட்காட்சிசாலையில் இருந்தால் தேசத்துக் குழந்தைகள் எல்லாரும் பார்ப்பார்களே என்பதுதான் அவருடைய எண்ணம்.

பொருட்காட்சிசாலை எழும்பவில்லை. வருஷங்கள் கழிந்தன. 2012-ல் லண்டனில் மறுபடியும் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. அதையொட்டி, ஒலிம்பிக் சரித்திரத்தைக் காட்டும் காட்சி ஒன்று அந்நகரில் ஏற்பாடாயிற்று. உலகத்து ஒலிம்பிக் வீரர்களிலிருந்து பதினாறு பேரைத் தேர்ந்தெடுத்துக் கௌரவித்தார்கள். இந்தியாவிலிருந்து அந்த வரிசையில் இடம் பெற்றவர் பல்பீர் சிங் ஒருவரே. காட்சியில் வைப்பதற்கு அவருடைய ஞாபகப் பொருள்கள் வேண்டுமல்லவா? தேடியபோதுதான் விஷயம் வெளியாயிற்று. பதக்கங்களையும் காணோம், மேலங்கியையும் காணோம், படங்களையும் காணோம்.

குடும்பத்தார் கடிதம் எழுதினார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனுப் போட்டார்கள். மந்திரிகளைக் கண்டு முறையிட்டார்கள். கொடுத்த பொருள்கள் எங்கே என்பதற்கு ஆணையத்திடமிருந்து தெளிவான பதில் வரவில்லை. திருடன் எடுத்தானா, கிடங்கை மாற்றியபோது குப்பையோடு போயிற்றா, யாராவது ஒருவர் ஞாபகார்த்தமாக வீட்டுக்கு எடுத்துப் போனாரா என்று ஒன்றும் துலங்கவில்லை. திருட்டு என்று சொல்லக் கூட ஒரு சாட்சியம் வேண்டும். பொருள் வந்ததற்கும் இருந்ததற்கும் ஒழுங்கான பதிவு இல்லாதபோது, போனதற்குச் சாட்சியம் எங்கிருந்து கிடைக்கும்?

2020-ம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி பல்பீர் சிங் தம் தொண்ணூற்றாறாவது வயதில் காலமானார். கொடுத்தவை திரும்பவில்லை. மறு வருஷம் மொஹாலியிலுள்ள ஹாக்கி மைதானத்துக்குப் பஞ்சாப் சர்க்கார் அவருடைய பெயரைச் சூட்டியது. பெயர் சூட்டியது நல்ல காரியந்தான். ஆனால் ஒரு மாணவன் அந்த மைதானத்தின் வாசலில் நின்று, "இவர் அணிந்திருந்த மேலங்கியைப் பார்க்கலாமா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

ஒரு கோப்பையின் கதை

இத்தகைய இழப்பு நமக்கு மாத்திரம் நேர்ந்ததல்ல. கண்ணும் கருத்துமாய்க் காப்பவர்கள் என்று பெயரெடுத்த தேசங்களிலும் நேர்ந்திருக்கிறது. இதைச் சொல்வது நம்மைத் தேற்றிக்கொள்வதற்காக அல்ல. திருட்டு எந்த வாசல் வழியாக நுழைகிறது என்று தெரிந்துகொள்வதற்காகத்தான்.

இங்கிலாந்தின் புகழ் பெற்ற கால்பந்துக் கோப்பையை 1895-ம் வருஷம் ஆஸ்டன் வில்லா கோஷ்டி வென்றது. பர்மிங்ஹாம் நகரில் வில்லியம் ஷில்காக் என்பவர் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். ஜனங்கள் பார்க்கட்டும் என்று கோப்பையை அவர் கடை ஜன்னலில் வைத்தார்கள். செப்டம்பர் 11-ந் தேதி இரவு அது மறைந்துவிட்டது. இருபது பவுன் செலவில் செய்த அந்தக் கோப்பையைத் தொலைத்ததற்காகக் கோஷ்டிக்கு இருபத்தைந்து பவுன் அபராதம் விதித்தார்கள். அறுபத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு, 1958-ல், ஹாரி பர்ஜ் என்னும் கிழவர் ஒருவர் தாமே அதைத் திருடியதாகப் பத்திரிகைக்கு வாக்குமூலம் கொடுத்தார். கோப்பையை என்ன செய்தாராம்? உருக்கிக் கள்ள நாணயம் அடித்தாராம்!

உலகக் கால்பந்துக் கோப்பையின் கதை இதைவிட விசித்திரமானது. 1930-ல் அதைச் செய்தவர் ஆபெல் லாஃப்ளூர் என்ற பிரெஞ்சுச் சிற்பி. அதற்குப் பிற்பாடு சூட்டப்பட்ட பெயர் ஜூல் ரிமே என்ற பிரெஞ்சுக் கனவானுடையது. இரண்டாவது மகாயுத்தத்தின்போது ஒட்டாரினோ பராஸி என்ற இத்தாலியர் அதை ஒரு செருப்புப் பெட்டியில் போட்டுத் தம் கட்டிலின் அடியில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். ராணுவங்களின் கையிலிருந்து தப்பிய அந்தக் கோப்பை, சமாதான காலத்தில் லண்டனில் பறிபோயிற்று. 1966-ம் வருஷம் மார்ச் 20-ந் தேதி, வெஸ்ட்மின்ஸ்டரில் நடந்த தபால்தலைக் காட்சியிலிருந்து அதை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். அங்கே பல மடங்கு விலை பெறும் தபால்தலைகள் இருந்தன. அவற்றைத் திருடன் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஸ்காட்லண்டு யார்டு தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. ஒரு வாரம் கழித்துத் தெற்கு லண்டனில் 'பிக்கிள்ஸ்' என்ற நாய், தன் எஜமானரோடு உலாவப் போன இடத்தில் வேலியோரமாய்க் கிடந்த காகிதப் பொட்டலத்தை மோப்பம் பிடித்தது. பிரித்துப் பார்த்தால் உலகக் கோப்பை! துப்பறியும் நிபுணர்களுக்குக் கிடைக்காத கீர்த்தி ஒரு நாய்க்குக் கிடைத்தது.

ஆனால் அதிர்ஷ்டம் இரண்டு முறை கதவைத் தட்டுவதில்லை. மூன்று தடவை வென்றபடியால் 1970-ல் அந்தக் கோப்பை பிரேஸில் தேசத்துக்கே நிரந்தரச் சொத்தாயிற்று. ரியோ டி ஜெனீரோவில் கால்பந்துச் சங்கத்தின் கட்டிடத்தில் அதை ஒரு பேழையில் வைத்தார்கள். பேழையின் முன்பக்கத்தில் துப்பாக்கிக் குண்டும் துளைக்காத கண்ணாடி. பின்பக்கத்திலோ வெறும் மரப்பலகை! 1983 டிசம்பர் 19-ந் தேதி இரவு வந்த திருடர்கள் எந்தப் பக்கத்தை உடைத்திருப்பார்கள் என்று நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். கோப்பை அதற்குப் பிறகு அகப்படவேயில்லை. முன்வாசலில் சிங்கத்தைக் கட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்ட வீடு மாதிரிதான்.

பிளேடும் உலையும்

கோப்பையைத் திருடுகிறவன் ராத்திரியில் வருகிறான். நூல்நிலையத்தில் திருடுகிறவனோ பட்டப் பகலில் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையெழுத்திட்டு உள்ளே வருகிறான். பார்ப்பதற்குப் பண்டிதரைப் போல் இருக்கிறான். அவனுடைய ஆயுதம் ஒரு சவர பிளேடு.

அமெரிக்காவில் 'பேஸ்பால்' என்னும் பந்தாட்டம் நம் ஊர்க் கிரிக்கெட்டைப் போல ஜனங்களைப் பைத்தியமாய் அடிப்பது. அந்த ஆட்டத்தின் ஆதி சரித்திரத்தைக் கூறும் கடிதங்களையும் படங்களையும் ஆல்பெர்ட் ஸ்பால்டிங் என்பவர் சேர்த்து வைத்திருந்தார். 1921-ல் அவருடைய மனைவி அந்தப் பொக்கிஷத்தை நியூயார்க் பொது நூல்நிலையத்துக்கு வழங்கினார். 1987-ல் இருப்பைச் சரிபார்த்தபோது பல பொருள்கள் குறைந்திருப்பது தெரிந்தது. 2009-ல் ஓர் ஏல நிறுவனம், ஹாரி ரைட் என்ற பழைய ஆட்டத் தலைவருக்கு வந்த கடிதங்களை விற்பனைக்கு அறிவித்தது. அவை நூல்நிலையத்திலிருந்து போனவையாய் இருக்கக் கூடுமென்று சந்தேகம் எழுந்தது. மத்தியப் புலன் விசாரணைப் பிரிவினர் தலையிட்டனர். தைத்த புத்தகத்திலிருந்து ஓர் ஏடு கத்தரிக்கப்பட்டால் புத்தகம் அலமாரியில் அப்படியே நிற்கிறது; தொட்டுப் புரட்டுகிறவர் இல்லாத வரையில் இழப்பும் தெரிவதில்லை. முத்திரையைச் சுரண்டி எடுத்துவிட்டால் யாருடைய ஏடு என்று நிரூபிப்பதும் கஷ்டம்.

வாங்குகிறவன் இருப்பதனால்தான் இந்தத் திருட்டு நடக்கிறது. ஞாபகப் பொருள்களின் விலை எவ்வளவு ஏறியிருக்கிறதென்பதற்கு ஓர் உதாரணம் போதும். நவீன ஒலிம்பிக் பந்தயத்துக்கு வித்திட்டவர் பியேர் தெ கூபர்த்தேன் என்ற பிரெஞ்சுப் பிரபு. அந்த யோசனையை முதலில் வெளியிட்டு 1892-ல் அவர் நிகழ்த்திய சொற்பொழிவின் கையெழுத்துப் பிரதி பதினான்கு பக்கம். 2019 டிசம்பரில் அது நியூயார்க் ஏலத்தில் எண்பத்தெட்டு லட்சம் டாலருக்குப் போயிற்று. வாங்கியவர் அதை லோஸான் நகரத்து ஒலிம்பிக் பொருட்காட்சிசாலைக்கே கொடுத்துவிட்டது நல்ல காலம். பதினான்கு பக்கத்துக்கு இந்த விலையென்றால் பிளேடு சும்மா இருக்குமா?

ஏடுகளையாவது எங்கேனும் ஒரு பணக்காரர் பெட்டியில் தேடிக் கண்டுபிடிக்கலாம். உலையில் போனதை என்ன செய்வது? யோகி பெர்ரா என்ற பேஸ்பால் வீரரின் பெயரால் நியூ ஜெர்ஸியில் ஒரு பொருட்காட்சிசாலை இருக்கிறது. 2014 அக்டோபரில் அங்கே திருடர்கள் புகுந்து, அவர் உலகப் போட்டிகளில் வென்ற ஒன்பது மோதிரங்களையும் வேறு பலவற்றையும் கொண்டு போய்விட்டார்கள். குத்துச்சண்டை வீரர்களின் அரைக்கச்சைகள், குதிரைப் பந்தயக் கோப்பைகள், கோல்ப் ஆட்டக்காரர்களின் பரிசுகள் என்று ஏறக்குறைய இருபது வருஷ காலம் ஒரே கூட்டம் பல சிறிய பொருட்காட்சிசாலைகளில் கைவரிசை காட்டியிருந்தது என்று 2023-ல் ஒன்பது பேர் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். மோதிரங்களிலிருந்த கற்களைப் பெயர்த்துவிட்டு, பொன்னை உருக்கிக் கட்டியாக்கி, மிக அற்ப விலைக்கு விற்றுவிட்டார்களாம்.

இதிலுள்ள மூடத்தனத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒலிம்பிக் 'தங்கப்' பதக்கம் முழுத் தங்கமாய் இருந்த காலம் 1912-ம் வருஷத்தோடு முடிந்துவிட்டது. அதற்குப் பின் வந்தவை வெள்ளியின் மேல் தங்க முலாம் பூசியவை. இக்காலத்துப் பதக்கத்தில் ஆறு கிராம் தங்கம் இருந்தால் போதும் என்பது விதி. ஒரு பவுனுக்கும் குறைவு. திருடனுக்குக் கிடைப்பது ஒரு மோதிரத்துக்குக் காணும் பொன். தேசம் இழப்பதோ ஒரு தலைமுறையின் ஞாபகம்.

நம் நாட்டிலேயே இதற்கு நிகரான ஒரு துக்கம் உண்டு. மகாகவி ரவீந்திரநாத தாகூர் 1913-ல் பெற்ற நோபல் பதக்கம், 2004 மார்ச்சில் சாந்திநிகேதனத்துக் காட்சிசாலையிலிருந்து களவு போயிற்று. மத்தியப் புலனாய்வுத் துறை எவ்வளவோ தேடியும் அகப்படவில்லை. நோபல் நிறுவனத்தார் 2005-ல் பிரதி செய்து கொடுத்தார்கள். பிரதி பிரதிதான், கவியின் விரல் பட்ட பதக்கம் அதுவல்ல.

சட்டத்தின் கணக்கு

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். பழம்பொருள்களையும் கலைச் செல்வங்களையும் காக்கும் சட்டம் ஒன்று 1972-ல் நம் நாட்டில் இயற்றப்பட்டது. அதன்படி ஒரு பொருள் 'பழம்பொருள்' என்ற அந்தஸ்தை அடைய நூறு வயது நிரம்ப வேண்டும். சரித்திர முக்கியத்துவமுள்ள கையெழுத்துப் பிரதிக்கும் பத்திரத்துக்கும் எழுபத்தைந்து வயது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வெம்ப்ளியில் வென்ற பதக்கத்துக்கு 2048-ல்தான் அந்த வயது வரும். மெல்போர்ன் மேலங்கிக்கு 2056 வரையில் பொறுக்க வேண்டும். சுதந்திர பாரதத்தின் விளையாட்டுச் செல்வம் அனைத்தும் இந்தச் சட்டத்தின் கண்ணுக்கு இன்னும் குழந்தைதான்!

சாதாரணத் திருட்டுச் சட்டம் இருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து அமுலுக்கு வந்த பாரதீய நியாய சங்கிதையில், சர்க்கார் சொத்தைத் திருடினால் ஏழு வருஷம் வரையில் தண்டனை விதிக்க இடமுண்டு. ஆனால் தண்டனை எத்தனை வருஷமாயிருந்தால் என்ன? 'இந்தப் பொருள் இந்தத் தேதியில் எங்களிடம் இருந்தது, இதன் அடையாளம் இன்னது' என்று காட்ட முடியாதவர் எந்த நியாயஸ்தலத்தில் ஏறினாலும் வெறுங்கையோடுதான் இறங்க வேண்டும்.

ஒரு புகைப்படம் செய்த காரியம்

இங்கேதான் காவேரி தீரத்தார் உலகத்துக்குச் சொல்லக் கூடிய பாடம் ஒன்று இருக்கிறது. கோயில் விக்கிரகத் திருட்டு இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் புதிதல்ல. அரியலூர் ஜில்லா ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து ஒரு நடராஜ விக்கிரகம் களவாடப்பட்டுக் கடல் கடந்து போயிற்று. 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அதை ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கியது. விற்றவன் பொய்யான பூர்வோத்தரம் காட்டியிருந்தான். உண்மையை நிலைநாட்டியது எது? புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் பல வருஷங்களுக்கு முன்னமே அந்தக் கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படம்! படத்திலிருந்த விக்கிரகமும் கலைக்கூடத்து விக்கிரகமும் ஒன்றே என்று தெரிந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதம மந்திரி தாமே டில்லிக்கு வந்து நடராஜரை ஒப்படைத்தார். திருட்டில் சம்பந்தப்பட்ட சுபாஷ் கபூருக்கு 2022-ல் கும்பகோணம் நீதிமன்றம் பத்து வருஷச் சிறைத் தண்டனை விதித்தது.

அந்த ஆராய்ச்சி நிலையம் 1955-ல் ஏற்பட்டது. காரைக்காலும் புதுச்சேரியும் பிரான்ஸின் கையிலிருந்து இந்தியாவுக்கு மாறிய சமயத்தில், கலாசார உறவு அறுந்து போகாதிருக்கட்டும் என்று நிறுவப்பட்டது. அதிலிருந்தவர்கள் கோயில் கோயிலாகப் போய் லட்சத்துக்கு மேற்பட்ட படங்களைச் சேர்த்தார்கள். அப்போது அது யாருக்கும் பெரிய காரியமாகத் தோன்றியிராது. பூட்டும் காவலும் செய்ய முடியாததை, ஒரு பதிவேட்டுக்குள் இருந்த சிறு படம் செய்துவிட்டது.

மெல்போர்ன் மேலங்கிக்கும் முப்பத்தாறு பதக்கங்களுக்கும் அப்படி ஒரு படமும் ஒரு பதிவும் ஒரு ரசீதும் இருந்திருந்தால், கதையே வேறாயிருக்கும்.

நம் ஊர் அலமாரி

டில்லியைக் குறை சொல்லிவிட்டு நாம் உறங்கப் போக முடியாது. அம்பகரத்தூரைப் போன்ற எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் பள்ளிக்கூடத்துத் தலைமை உபாத்தியாயர் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். சடுகுடு, ஓட்டப் பந்தயம், பந்தாட்டம் எல்லாவற்றிலும் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் வென்ற கோப்பைகள் அதில் கறுத்துப் போய் நிற்கும். எந்த வருஷம், யார் வென்றது என்று பொறித்த எழுத்துத் தேய்ந்திருக்கும். அலமாரிச் சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கட்டிடத்தைப் புதுப்பிக்கும்போது அந்தக் கோப்பைகள் சாக்கில் ஏறும். சாக்கு மூலையில் இருக்கும். மூலையிலிருந்து ஒரு நாள் காயலான் கடைக்குப் போகும். பித்தளை நிறுத்து விலை பேசப்படும். திருடன் வர வேண்டிய அவசியமே இல்லை!

வீடுகளிலும் இதே கதிதான். பாட்டனார் ஜில்லாப் பந்தயத்தில் வாங்கிய வெள்ளிப் பதக்கம் பேரன் கையில் விளையாட்டுச் சாமானாகிறது. கோஷ்டியோடு அவர் எடுத்துக்கொண்ட படத்தைக் கரையான் தின்கிறது. படத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதி வைக்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. தோன்றும்போது சொல்லக் கூடியவர் இருப்பதில்லை.

செய்ய வேண்டியது பெரிய வித்தையல்ல. ஒரு கெட்டி அட்டை நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம் கொடுக்க வேண்டும். முன்புறம், பின்புறம், எழுத்துப் பொறித்த இடம் ஆகியவற்றைத் தனித்தனியே படமெடுக்க வேண்டும். எடை என்ன, உயரம் என்ன, எங்கே கீறல், எங்கே நெளிவு என்று குறிக்க வேண்டும். பிரதி செய்கிறவன் அழகைக் காப்பியடிப்பானே தவிர, பழைய நெளிவைக் காப்பியடிக்க மாட்டான். வென்றவர் பெயர், வருஷம், கதை இவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். அந்த நோட்டுப் புத்தகத்தின் பிரதி ஒன்று அலமாரி இருக்கும் கட்டிடத்தில் அல்லாமல் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை, இரண்டு பேர் சேர்ந்து நோட்டையும் அலமாரியையும் ஒத்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கணக்கப்பிள்ளை இல்லாத களத்து மேட்டில் நெல் குறைவது போலத்தான் பதிவில்லாத அலமாரியில் கோப்பை குறைகிறது.

பொருளைக் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேசத்துக்காக என்று யார் வந்து கேட்டாலும் சந்தோஷமாய்க் கொடுங்கள். ஆனால் ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பொருளின் பெயரும் படமும் சேர்ந்த ஜாபிதாவில் பெற்றுக்கொண்டவர் ஒப்பமும் முத்திரையும் இட்டுத் தரட்டும். காட்சிக்காக இரவல் கொடுத்தால் திரும்பும் தேதியையும் எழுத்தில் வாங்குங்கள். கடன் பத்திரத்துக்குக் காட்டும் ஜாக்கிரதையைத் தேசத்தின் ஞாபகத்துக்குக் காட்டுவதில் வெட்கம் எதற்கு? ரசீது கேட்பது நம்பிக்கையின்மை அல்ல. நாளைக்கு அந்த நாற்காலியில் வேறொருவர் உட்காருவார் என்ற உலக ஞானம்.

வாங்குகிறவர்களுக்கும் கடமை உண்டு. பழைய பதக்கமோ, வீரரின் கடிதமோ விலைக்கு வந்தால், 'இது எப்படி உம்மிடம் வந்தது?' என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாங்க வேண்டும். கேள்வி கேட்காத பணக்காரர்தான் பிளேடு பிடித்த பண்டிதருக்குப் படியளக்கிறவர்.

நம்மவர்களில் அன்பினால் சேகரிப்பவர்கள் இல்லாமலில்லை. புணே நகரில் 2012-ல் ஒரு தனி மனிதரின் முயற்சியால் கிரிக்கெட்டுக்கென்று ஒரு காட்சிசாலை தோன்றியிருக்கிறது. கிரிக்கெட்டுக்கு ஆள் இருக்கிறது, பணமும் இருக்கிறது. ஹாக்கிக்கும் சடுகுடுவுக்கும் மல்யுத்தத்துக்கும் நீச்சலுக்கும் யார் இருக்கிறார்கள்? சுதந்திர தேசத்துக்கு முதல் தங்கம் கொண்டு வந்த ஆட்டத்தின் சின்னங்களைத் தேசமே அல்லவா காக்க வேண்டும்?

இன்று பள்ளிக்கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணோ பையனோ நாளைக்கு உலகப் பந்தயத்தில் நிற்கக் கூடும். அந்தக் குழந்தைக்குப் புத்தகத்தில் இருக்கும் நூறு பக்கம் ஊட்டாத உற்சாகத்தை, முறிந்த விரலோடு ஒருவர் அணிந்து நின்ற பழைய மேலங்கி ஊட்டியிருக்கும். அது காணாமற் போய்விட்டது. இருப்பதையாவது எண்ணி எழுதி வைப்போம். பொங்கலுக்கு வீட்டுப் பரணைத் துப்புரவு செய்யும்போது, பள்ளி திறக்கும் நாளில் அலமாரியைத் துடைக்கும்போது, கையில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும்.